பதினோராவது பல்பசை

"பதினொண்ணு! எண்ணிப் பாரும்மா, பதினொண்ணு! என் வாய் நாறுதுன்னு நேராவே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே உங்க அத்தை!"

மாமா குளியலறை அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆதாரம் காட்டுகிற வக்கீல் மாதிரி நின்றார். உள்ளே ஒரே கம்பெனி, ஒரே அளவு, பிரிக்காத பல்பசைப் பெட்டிகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தன. பதினோராவதற்கு இடம் இல்லாமல் அது சோப்பு டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தது.

"உங்க மாமாகிட்ட சொல்லு!" சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "வேணும்னு கேட்டாரு, வாங்கிட்டு வந்தேன். தினம் கேட்டா தினம் வாங்கிட்டு வருவேன்."

"யாரு தினம் கேட்டா? ஒரே ஒரு தடவை கேட்டேன். அதுவும் பன்னெண்டு நாளுக்கு முன்னாடி!"

"பொய்யைக்கூடப் பல்லு தேய்ச்சுட்டுச் சொல்லச் சொல்லு!"

நடுவில், வாயில் நுரையும் கையில் பிரஷ்ஷுமாக நின்றது அந்த வீட்டு மருமகள். லேப்டாப் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பதால் தெரு முழுக்க அவளுக்கு டெக்னீஷியன் என்றுதான் பெயர். புருஷன் கப்பலில். ஆறு மாதம் தண்ணீரில், இரண்டு மாதம் வீட்டில். கொடுத்து வைத்தவன், இந்தப் பன்னிரண்டு நாளும் தண்ணீரில் இருந்துவிட்டான்.

பன்னிரண்டு நாள் கதை, நேற்று ஊரிலிருந்து திரும்பியவர்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பூட்டுக்கடை வைத்திருக்கும் மாமாவின் சின்ன மகளைப் பார்க்க மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். பெண்ணும் பையனும் முன்பே பேசி முடித்துக்கொண்டவர்கள்தான். பெரியவர்களுக்காக ஒரு சம்பிரதாயம். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அத்தைதான், வந்தது வந்தார், என் கண்ணாடியையும் ஒரு பார்வை பார்க்கட்டுமே என்று கழற்றி நீட்டினாள்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க நம்பரே இல்லையே" என்றார்.

அந்தக் கண்ணாடியை மூன்று வருடத்துக்கு முன் சிநேகிதர் கடையில் வாங்கித் தந்தவர் மாமா. அத்தைக்கு அவர் கூடப்பிறந்த தம்பி. "மூணு வருஷமா என்னை அரைக் குருடியா நடமாட விட்டிருக்கான்!" என்று அத்தை ஆரம்பித்தாள். மாமாவுக்கு மாப்பிள்ளை எதிரில் மானம் போன கோபம். "கண்ணு சரியா இருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பே? அடுத்தவங்க ஏறிப் போற பஸ்ஸை வேடிக்கை பாக்கத்தானே போறே" என்று சொல்லிவிட்டார்.

அத்தை பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நின்றது அக்கா தம்பி பேச்சு. ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் சொல்கிறவள் தம்பிக்குச் சாப்பாடு ஆச்சு என்றுகூடச் சொல்வதில்லை.

விஷயம் மாப்பிள்ளையின் அம்மா காதுக்குப் போயிற்று. போகாமல் இருக்குமா? நேற்று அந்த அம்மாள் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "நாளைக்கு நாலு மணிக்கு வர்றோம். பெரியவங்க ரெண்டு பேரும் ஒரே குரல்ல சரின்னு சொன்னா தேதி குறிச்சுடலாம். என் பையனால ஒரு வீடு ரெண்டாச்சுன்னு பேர் வந்தா, அந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்."

இன்றுதான் அந்த நாளைக்கு.

அத்தை காலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மாமா கடைக்கு லீவு விட்டுவிட்டு, வாசல் கதவின் பூட்டைக் கழற்றி எண்ணெய் போட உட்கார்ந்துவிட்டார். நன்றாக இருந்த பூட்டு அது.

சின்னவள் டெக்னீஷியனை மாடிப்படிக்கு இழுத்துப் போனாள். அழுது முடித்த மூக்கு.

"அண்ணி, நான் வாயால சொன்னா ரெண்டு பேரும் என்னையே திட்டறாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தப் பென் டிரைவ்ல என்னமோ எழுதிக்கறாங்க. மத்தியானம் அப்பா கடையிலேருந்து வந்து அதைச் சாவி மாட்டற ஆணியில மாட்டும்போது அத்தை மூஞ்சியை ஓரக்கண்ணால பாக்கறாரு. அத்தை வேலை முடிஞ்சு வந்து மாட்டும்போது அப்பா மூஞ்சியைப் பாக்கறாங்க. நீங்க அதுல எனக்காக ஒரு வரி எழுதிடுங்களேன். அதையாவது படிப்பாங்க."

அந்தப் பென் டிரைவைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. அதைச் செய்தவள் டெக்னீஷியன்தான். கட்டைவிரல் நீளம் இருக்கும் அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரே குடியிருக்கிறது. எந்த மெஷினில் செருகினாலும் உங்கள் திரை, உங்கள் படம், உங்கள் கோப்பு அப்படியே வந்து நிற்கும். பிடுங்கிவிட்டால், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் காலி செய்துபோன குடித்தனக்காரன் மாதிரி அந்த மெஷினில் ஒரு தடமும் இருக்காது. மாமாவின் கடையில் இருப்பது அடுத்தவர் பயன்படுத்தித் தள்ளிவிட்ட மெஷின். அத்தையின் மேசையில் இருப்பது மூன்று ஷிஃப்ட் ஆட்கள் நோண்டுகிற மெஷின். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பென் டிரைவ்: காலையில் தம்பிக்கு, மத்தியானத்துக்கு மேல் அக்காவுக்கு. திரையின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு குறிப்புச் சீட்டு இருக்கும். சண்டைக்கு முன்னால் அதில் வீட்டுக்கு வேண்டிய சாமான் எழுதிக்கொள்வார்கள்.

டெக்னீஷியன் ஆணியிலிருந்து பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அரை நாள் வேலைதான்.

கடையில் முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் அதைச் செருகினாள். மாமாவும் அத்தையும் சேர்ந்து தேர்ந்தெடுத்த அருவிப் படம் வந்தது. ஓரத்தில் மஞ்சள் சீட்டு. அதில் மாமாவின் ஒரே வரி:

'பல்பசை தீர்ந்துவிட்டது. வாங்கி வரவும்.'

அவள் அதன் கீழே எழுதினாள். 'இன்று நாலு மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் சண்டையை நிறுத்தி வைக்கவும். இப்படிக்கு, உங்கள் சின்னவள்.' கொஞ்சம் உருக்கம் போதாதோ என்று தோன்றியது. மூடிவிட்டு ஒரு லேப்டாப்பின் கீபோர்டைத் துடைத்தாள். யோசித்து ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததும் மறுபடி திறந்தாள்.

'பல்பசை தீர்ந்துவிட்டது. வாங்கி வரவும்.'

அவ்வளவுதான். கீழே ஒன்றும் இல்லை.

சேமிக்க மறந்துவிட்டோம் போல என்று மறுபடி எழுதினாள். மூடினாள். திறந்தாள். பல்பசை. மூன்றாவது தடவையும் பல்பசை வந்தபோது, அவள் கையில் இருந்த துடைக்கிற துணி கீழே விழுந்தது.

"என்னம்மா, பேயைப் பாத்துட்டியா?" என்றார் கடை முதலாளி.

"ஆமா சார். என் பேயைத்தான்."

நினைவு வந்துவிட்டது. மாமாவுக்குத் திரையில் எது மின்னினாலும் அமுக்க வேண்டும். 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று வந்தால் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று தடவை அவள் உட்கார்ந்து குப்பையைச் சுத்தம் செய்தாள். நான்காவது தடவை பொறுமை போய், பென் டிரைவை மறதி முறைக்கு மாற்றினாள். அதாவது, திறந்திருக்கும் வரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மூடியதும் எல்லாவற்றையும் உதறிவிட்டு, மாற்றி வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி எழுந்து வரும். "மாமா, இனிமே எதை வேணும்னாலும் அமுக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்று மாமாவிடம் சொன்னதும் நினைவு இருந்தது. அத்தையிடம் சொன்னதாக நினைவு இல்லை. சொல்லலாம் என்று இருந்தாள். அன்று சாயங்காலம்தான் மாப்பிள்ளை வந்தார், யுத்தம் தொடங்கியது.

பன்னிரண்டு நாளாக இரண்டு பேரும் எழுதி எழுதி மூடியிருக்கிறார்கள். பென் டிரைவ் தினம் இரண்டு தடவை மறந்திருக்கிறது.

அழிந்ததை மீட்க முடியுமா? முடியாது. அதை முடியாதபடி செய்ததில் அவளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு நிமிடம் அவளுக்குக் கெட்ட புத்தி வந்தது. இரண்டு பேருக்காகவும் தானே எழுதிவிட்டால்? 'அன்புள்ள அக்கா' என்று தட்டிப் பார்த்தாள். மாமா இந்த ஜென்மத்தில் எதையும் அன்புள்ள என்று கூப்பிட்டதில்லை, பூட்டைத் தவிர. அழித்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

அறிவிப்பு அறை ஒரு கண்ணாடிப் பெட்டி. அத்தை மைக்கின் முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டெக்னீஷியன் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"எழுதினதெல்லாம் போச்சா?"

"போச்சு அத்தை. தப்பு என்னோடதுதான்."

"ஒரு நிமிஷம் இரு." மைக்கைத் திறந்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பதினேழாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." மூடினாள். "மொத நாள் நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்டி. மாப்பிள்ளை எதிர்ல அவனைக் குறை சொன்னது தப்புன்னு. மறுநாள் திறந்தா, நான் எழுதினதைக் காணோம், பல்பசை வாங்கிட்டு வாங்கறான். சரி, இதான் அவன் சமாதானம் பேசற லட்சணம்னு வாங்கிட்டுப் போனேன். அடுத்த நாளும் பல்பசை. அதுக்கு அடுத்த நாளும் பல்பசை. ஒரு மனுஷனுக்கு எத்தனை பல்லு?"

"அதுக்கப்புறம் என்ன எழுதினீங்க?"

"அதை விடு. சிலது அழிஞ்சதே நல்லதுக்குத்தான்."

"மாமாவும் எழுதியிருப்பாரு அத்தை. அதுவும் அழிஞ்சிருக்கும்."

அத்தை அந்தத் தப்பான கண்ணாடி வழியாக அவளை உற்றுப் பார்த்தாள். "எங்களைச் சேத்து வெக்க நீ கதை கட்டறே. அவனாவது எழுதறதாவது. அவன் எழுதினதை என் கண்ணால பாக்கணும். அப்புறம் பேசறேன்."

"நாலு மணிக்கு வருவீங்கல்ல?"

"வருவேன். வாயைத் திறப்பேனான்னு சொல்ல முடியாது." மைக்கைத் திறந்துகொண்டாள்.

வீட்டில் மாமா பூட்டைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார். அவரிடமும் அதையே சொன்னாள்.

"நான் எழுதினேன்னு யாரு சொன்னா?" என்றார் முதலில். பிறகு, "எழுதினதை அவ தினம் அழிச்சுட்டு, பல்பசையை மட்டும் விட்டு வெச்சா" என்றார். பிறகு, குரல் ஏறி, "என் சீட்டு விளையாட்டு ஸ்கோரைக்கூட விட்டு வெக்கலை! தினம் பூஜ்யத்துலேருந்து ஆடறேன்!"

"அது அத்தை இல்லை மாமா. நான் செட் பண்ணினது. இன்னொரு தடவை எழுதுங்க, இந்தத் தடவை நிக்கும்."

"முடியாது. அவ எழுதினான்னு சொல்றியே, அதை முதல்ல நான் பாக்கணும்."

இவர் எழுதியதை அவள் பார்க்க வேண்டும், அவள் எழுதியதை இவர் பார்க்க வேண்டும். இரண்டும் இந்த உலகத்திலேயே இல்லை. டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று.

நாலு அடிக்கவில்லை, வாசலில் வண்டி நின்றது. கண்ணாடிக்காரர் புதுச் சட்டையில் மடிப்புக் கோட்டோடு வந்தார். அவருடைய அம்மா சோபாவைப் பார்த்தார். ஒரு கோடியில் மாமா, மறு கோடியில் அத்தை. நடுவில் இரண்டு ஆள் தாராளமாகப் படுக்கலாம். அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைக்காமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கிளம்ப வசதியாக.

சின்னவளின் முகம் வெளுத்தது.

டெக்னீஷியன் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, பென் டிரைவைச் செருகினாள்.

"இந்த வீட்டுல பேச்சு நின்னதுக்குக் காரணம் உங்க பையன் இல்லைம்மா. ஒரு நாள்ல முடிய வேண்டிய சண்டை. அதைப் பன்னெண்டு நாள் இழுத்தது நான். அதை இங்கேயே காட்டறேன். மாமா, வாங்க. எழுதுங்க."

"என்ன எழுதறது?"

"என்ன வேணும்னாலும். மூடினா எப்படியும் அழிஞ்சுடும்."

மாமா எழுந்தார். வந்தவர்கள் முன்னால் மறுத்தால் நன்றாக இருக்காதே. எதிரில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்தார். அழிந்துவிடும் என்ற வார்த்தை அவருக்குள் ஏதோ ஒரு பூட்டைத் திறந்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஒன்றால், அரத்தால் சாவியை ராவுகிற நிதானத்தில், தட்ட ஆரம்பித்தார். தட்டினார். இன்னும் தட்டினார். ஒரு வரி எழுதச் சொன்னால் இவர் என்ன காவியம் எழுதுகிறார் என்று மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார்.

அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். விரித்தாள்.

"ஒரு எழுத்தும் தெரியலை."

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தார். "உங்க நம்பருக்குப் போன வாரமே போட்டு வெச்சுட்டேன் அத்தை. யாருகிட்ட குடுத்தா யாருக்குக் கோபம் வரும்னு தெரியலை. அதான் பையிலேயே வெச்சுக்கிட்டுத் திரியறேன்."

அத்தை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டாள். மஞ்சள் சீட்டில் இப்படி இருந்தது:

'பல்பசை தீர்ந்துவிட்டது. வாங்கி வரவும். அக்கா, பஸ்ஸை வேடிக்கை பார்ப்பவள் என்று சொன்னது தப்பு. நீ ஏறாமல் நின்றது எங்களுக்காக என்று எனக்குத் தெரியும். கண்ணாடி விஷயமும் தப்பு. இதைப் பத்துத் தடவைக்கு மேல் எழுதிவிட்டேன்.'

அத்தை ஒரு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படித்தாள். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. பிறகு தம்பியின் கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, நின்றபடியே கீழே தட்டினாள்.

'படித்தேன். பல்பசை போதும்.'

"இப்போ மூடறேன், பாருங்க" என்று டெக்னீஷியன் மூடினாள். மறுபடி திறந்தாள். அருவி வந்தது. சீட்டு வந்தது.

'பல்பசை தீர்ந்துவிட்டது. வாங்கி வரவும்.'

அக்காவும் தம்பியும் திரையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு தலையும் ஒன்றாக டெக்னீஷியன் பக்கம் திரும்பின.

"பன்னெண்டு நாளா நீ என்னடி பண்ணிக்கிட்டிருந்தே?"

"பன்னெண்டு நாளா நீ என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே?"

ஒரே நேரம், ஒரே சுதி. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைக் கீழே வைத்தார்.

"போதும். ஒரே குரல் கேட்டுடுச்சு. தேதியைப் பாப்போம்."

வந்தவர்கள் போன பிறகும் இரண்டு பேரும் முறை வைத்து டெக்னீஷியனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் பாக்கி அல்லவா? அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மனசுக்குள் சந்தோஷம்தான். திட்டுகிற சாக்கில் அத்தை, "தண்ணி எடுத்துக் குடுடா" என்று தம்பியிடம் நேராகவே கேட்டதைச் சின்னவள் மட்டும் கவனித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் டெக்னீஷியன் பென் டிரைவின் மறதியை நிரந்தரமாக எடுத்துவிட்டாள். எடுக்கும்போதுதான் அருவிப் படத்தின் மூலையில் ஒரு சின்னக் கோப்பு கண்ணில் பட்டது. பன்னிரண்டு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. பெயர்: மாற்றல் விண்ணப்பம். அத்தையினுடையது. கடலோர ஊரின் பஸ் நிலையத்துக்கு மாற்றிக் கொடுக்கும்படி கேட்டு எழுதியது. அவள் தேதியைப் பார்த்தாள். மறதி வைப்பதற்கு முன் சேமித்தது. அதாவது சண்டைக்கும் முன்னால். அப்படியென்றால் கோபத்தில் எழுதியது இல்லை. அவள் அதை மூடிவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு குட்டு உடைத்தது போதும்.

சின்னவளுக்கும் கண்ணாடிக்காரருக்கும் அடுத்த மாதமே கல்யாணம் ஆயிற்று. மூன்று தெரு தள்ளிக் குடித்தனம் போனாள். போகும்போது ஐந்து பல்பசை அவள் பெட்டியில் போயிற்று; மாமாதான் வைத்தார்.

அத்தைக்கு மாற்றல் வந்தது மழைக்கு முன்னால். மூன்றாவது நடைமேடையில், அத்தனை வருடம் அவள் அறிவித்த வண்டியில், அவளே ஏறிப் போனாள். மாமா கையசைக்கவில்லை, பெட்டியில் தான் போட்ட பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். போனில் பேசினால் மறுபடி சண்டை வரும் என்று இரண்டு பேருக்கும் பயம். அதனால் பென் டிரைவ்தான் இப்போது பஸ்ஸில் போய் வருகிறது. ஒரு வாரம் தம்பியிடம், ஒரு வாரம் அக்காவிடம். தெரிந்த கண்டக்டரின் சட்டைப் பையில் ஆறு மணி நேரப் பயணம். மாமா கூடவே ஒரு பல்பசையும் அனுப்புவார்.

போன வாரம் திரும்பி வந்ததை மாமா செருகினார். அக்காவின் வழக்கமான வசவு நாலு வரி இருந்தது. சிரித்துக்கொண்டே படித்தவர், கடைசி வரியில் நின்றுவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது உங்க அத்தை எழுதற மாதிரி இல்லையே?"

டெக்னீஷியன் குனிந்து படித்தாள்.

'தம்பி, இனிமேல் பல்பசை அனுப்பி வைக்க வேண்டாம். இந்த வீட்டில் உங்கள் அக்காவுக்கும் எனக்கும் வேண்டியதை நானே வாங்கிவிடுகிறேன்.'

கீழே பெயர் இல்லை.